255 என்ற கூரை: வீடியோ எஃபெக்ட்டுகள் வேலை செய்யும் விதம்

இலங்கை மலையகத்தில் கொட்டகலைப் பக்கம் விடியற்காலையில் எடுத்த வீடியோவைத் திறந்தால் பாதிக்கு மேல் பனிமூட்டம்தான் இருக்கும். கொழுந்துக் கூடையும் பின்னால் நிற்கும் மலையும் ஒரே சாம்பல் நிறம். எடிட் செய்கிறவர் பிரைட்னஸைக் கூட்டுகிறார். வெளிச்சம் தூக்கலாகிவிட்டதே என்று அடுத்த எஃபெக்ட்டில் அதே அளவு குறைக்கிறார். கூட்டியதும் குறைத்ததும் சரிக்குச் சரி. ஆனாலும் பனியில் இருந்த மெல்லிய மடிப்புகளைக் காணவில்லை.

இதற்கு விடை வெறும் கூட்டல் கழித்தலில் இருக்கிறது. 8 பிட் கணக்கில், அதாவது ஒரு நிறத்துக்கு 256 படிகள் மட்டுமே உள்ள முறையில், படத்தின் ஒரு புள்ளியின் (பிக்சல்) சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரைதான் இடம். பக்கத்துப் பக்கத்தில் 200, 220 என்று இரண்டு புள்ளிகள் இருப்பதாக வையுங்கள். 60 கூட்டினால் 260, 280 வர வேண்டும். கூரையோ 255, அதனால் இரண்டும் அங்கேயே முட்டி நிற்கின்றன. இனி 60 கழித்தால் இரண்டுமே 195. மடிப்பு என்று நாம் பார்த்தது அந்த 20 வித்தியாசத்தைத்தான், அது போய்விட்டது. இதையே முதலில் குறைத்து அப்புறம் கூட்டியிருந்தால் 140, 160 ஆகி மறுபடி 200, 220க்கே வந்திருக்கும்.

ஆக, எஃபெக்ட் என்பது படத்தின் மேல் பூசும் சாயமில்லை, வரிசையாக நடக்கும் கணக்கு. தேயிலை ஃபெக்டரியைப் பார்த்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டாம். வாட்டி, ரோலரில் உருட்டி, நொதிக்க விட்டு, கடைசியில்தான் உலர்த்துவார்கள். உலர்ந்ததைக் கொண்டுபோய் ரோலரில் போட்டால் தூள்தான் மிஞ்சும். ஒரேயொரு வித்தியாசம்: ஃபெக்டரிக்குள் போன கொழுந்து திரும்ப வராது. எடிட்டிங்கில் மூல வீடியோவை யாரும் தொடுவதில்லை. எந்தக் கிளிப்பில் எந்த எஃபெக்ட், எவ்வளவு, எந்த வரிசையில் என்ற குறிப்பு மட்டும்தான் புரொஜெக்ட் ஃபைலில் இருக்கிறது. எஃபெக்ட்டை மேலே கீழே இழுத்து வைத்தால் கணக்கு புதிதாகத் தொடங்கும்.

கூரையைத் தவிர்க்க வழி உண்டு: 32 பிட் ஃபுளோட் என்ற கணக்கு முறையில் 280 என்பது 280 ஆகவே அடுத்த எஃபெக்ட்டுக்குப் போகும், கூரை இல்லை. நடுவில் ஒரு பழைய 8 பிட் எஃபெக்ட் நுழைந்தால் அந்த இடத்தில் கூரை திரும்பிவிடும். கேமராவிலேயே வெளுத்துப்போன வானத்தை எந்த பிட்டும் மீட்காது என்பது வேறு கதை.

மாசியில், மன்மதன், ரதி கதையை ஆடும் காமன் கூத்தை வீடியோ எடுப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை. இரவு, டியூப் லைட், தீவட்டி. படம் முழுக்கப் பொரிப் பொரியாக நொய்ஸ். ஷார்ப்பன் என்பது பக்கத்துப் புள்ளிகளுக்கு இடையிலான வித்தியாசத்தைப் பெரிதாக்குவது. அதை முதலில் போட்டால் ரதியின் நகையோடு சேர்ந்து நொய்ஸும் கூர்மையாகிவிடும். பிறகு வரும் டீநொய்ஸுக்கு (நொய்ஸை நீக்கும் எஃபெக்ட்) எது நகை, எது நொய்ஸ் என்று பிரிப்பது சிரமம். டீநொய்ஸ் முன்னால், ஷார்ப்பன் பின்னால்.

கல்யாண வீடியோவில் நூறு கிளிப்புக்கும் தனித்தனியாக நிறம் திருத்துவது வீண் வேலை. மேல் டிராக்கில் ஓர் அட்ஜஸ்ட்மென்ட் லேயர் (எஃபெக்ட் மட்டும் தாங்கும் வெற்று அடுக்கு) வைத்தால் அது கீழே உள்ள அத்தனைக்கும் பொருந்தும். அதுவும் வரிசைக் கணக்குதான்: கிளிப்பின் சொந்த எஃபெக்ட்டுகள் முடிந்த பிறகே லேயரின் முறை. அதனால் மண்டபத்துக்குள் மஞ்சளாக விழுந்த கிளிப்பை அதிலேயே சரிசெய்துவிட்டு, பொதுவான நிறத்தை லேயரில் வையுங்கள்.

கம்பியூட்டர் ஏன் திணறுகிறது? 1920க்கு 1080 அளவு படத்தில் 20,73,600 புள்ளிகள். நொடிக்கு 25 படம் என்றால் 5 கோடிக்கும் மேல். டீநொய்ஸ் ஒவ்வொரு புள்ளிக்கும் அக்கம்பக்கத்தையும், பல நேரம் முன்பின் படங்களையும் பார்க்கிறது. வெட்டி ஒட்டும் வேலை முடியும்வரை அதை அணைத்து வையுங்கள். ரெண்டருக்கு (முடிந்த வீடியோவை ஃபைலாக வெளியெடுப்பதற்கு) முன் மறக்காமல் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான்.