மாநாட்டுக் கட்டுரைக்கு 7 மதிப்பெண்

பேராசிரியர் பதவிக்கான விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் குழுக்களில் பலமுறை அமர்ந்திருக்கிறேன். இயற்பியல், வேதியியல் கோப்புகளை விரைவாக முடித்துவிடும் குழு, கணினி அறிவியல் கோப்பு வந்ததும் தயங்கும். எங்கள் துறையின் முக்கிய ஆய்வுகளில் பெரும்பகுதி ஆய்விதழ்களில் அன்றி மாநாடுகளிலேயே முதலில் வெளியாகிறது என்பதும், நியூரிப்ஸ் (இயந்திரக் கற்றல்), சிக்மாட் (தரவுத்தளங்கள்) போன்ற மாநாடுகளில் இடம்பெறுவது பல இதழ்களில் இடம்பெறுவதைவிடக் கடினம் என்பதும் பிற துறையினருக்குப் புதிய செய்திகள். அமெரிக்காவின் கம்ப்யூட்டிங் ரிசர்ச் அசோசியேஷன், மாநாட்டுக் கட்டுரைகளுக்கு உரிய மதிப்பளிக்க வேண்டும் என்று 1999-லேயே குறிப்பு வெளியிட்டு இதை விளக்கியது.

நம் நாட்டில் பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் வெளியிட்ட விதிமுறைகளின் மதிப்பெண் அட்டவணையில், அறிவியல் துறையினரின் இதழ்க் கட்டுரைக்கு 8 மதிப்பெண். அவ்விதழின் தாக்கக் காரணி, அதாவது அதன் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற அளவு, 2-க்கும் 5-க்கும் இடைப்பட்டதானால் மேலும் 20. மாநாட்டுக் கட்டுரைக்கோ வெளிநாட்டில் நடந்தால் 7, உள்நாட்டில் நடக்கும் பன்னாட்டு மாநாடானால் 5. நியூரிப்ஸும் ஊர்பேர் தெரியாத ஒரு வெளிநாட்டு மாநாடும் இங்கே ஒரே தட்டில் நிற்கின்றன. அதோடு, சிறப்புரைகள், மாநாட்டுக் கட்டுரைகள் முதலியவற்றால் கிடைக்கும் மதிப்பெண் மொத்த ஆய்வு மதிப்பெண்ணில் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பேராசிரியர் நேரடி நியமனத்துக்கு 120 ஆய்வு மதிப்பெண்ணும் 10 இதழ்க் கட்டுரைகளும் தேவை என்னும்போது, மாநாடுகளையே நம்பி உழைத்த ஒருவர் எங்கே நிற்பார் என்பதைக் கணக்கிடக் கணினி தேவையில்லை.

கூட்டுக் கட்டுரைகளில் வேறொரு சிக்கல். மூவரோ அதற்கு மேற்பட்டோரோ எழுதியிருந்தால் முதல் ஆசிரியருக்கோ தொடர்பு ஆசிரியருக்கோ (கட்டுரை குறித்த கடிதப் போக்குவரத்துக்குப் பொறுப்பானவர்) 70 சதவீதமும் மற்றவர்களுக்கு ஆளுக்கு 30 சதவீதமும் என்பது விதி. ஆனால் கோட்பாட்டுக் கணினியியலில் பெயர்களைக் குடும்பப் பெயரின் ஆங்கில அகரவரிசையில் அடுக்குவதே மரபு. முதலில் நிற்பவர் கூடுதலாக உழைத்தவர் என்று அதற்குப் பொருளில்லை. குடும்பப் பெயர் இல்லாத நம்மவர் பலர் தந்தையின் பெயரையே அந்த இடத்தில் தருவதால், அருணாசலத்தின் மகளுக்கு 70-உம் வேங்கடேசனின் மகனுக்கு 30-உம் கிடைக்கும் வேடிக்கையும் நடக்கிறது.

மாநாடுகளும் பிழையற்ற தராசுகள் அல்ல. 2014-இல் நியூரிப்ஸ் அமைப்பாளர்களே 166 கட்டுரைகளை இரு தனிக் குழுக்களிடம் கொடுத்துப் பார்த்தபோது, ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கட்டுரைகளில் முடிவுகள் முரண்பட்டன. ஒரு குழு ஏற்றவற்றில் பாதிக்கு மேற்பட்டவற்றை மற்றக் குழு நிராகரித்திருந்தது. ஆகவே ஓராண்டில் கட்டுரை ஏதும் வெளிவராத இளைய ஆசிரியரைச் சோம்பேறி என்று முடிவு கட்டுவது தவறு. பதிவுக் கட்டணம், விசா, விமானச் செலவு ஆகியவற்றுக்கு நிதியில்லாத கல்லூரியிலிருந்து வருபவருக்கு, கட்டுரை ஏற்கப்பட்ட பிறகும் சுமை குறைவதில்லை.

விதி மாறும்வரை, விண்ணப்பிப்பவர்கள் சிலவற்றைக் கவனிக்கலாம். விஎல்டிபி என்ற தரவுத்தள மாநாட்டின் கட்டுரைகள் 2008 முதல் இதழாக, தொகுதி எண்ணுடன் வெளிவருகின்றன; நிரலாக்க மொழி மாநாடுகள் சிலவற்றின் கட்டுரைகளும் 2017 முதல் ஏசிஎம் என்ற கணினியியலாளர் அமைப்பின் இதழ் வரிசையில் வருகின்றன. இவற்றை விண்ணப்பப் படிவத்தின் மாநாட்டுப் பத்தியில் நிரப்பிவிட்டு மதிப்பெண்ணை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இதழின் முகப்புப் பக்கத்தையும் இதழ்களை அடையாளம் காட்டும் ஐஎஸ்எஸ்என் எண்ணையும் இணைத்து இதழ்ப் பத்தியிலேயே கோருங்கள். பணம் கேட்கும் இதழ்களை நாடுமுன், கட்டுரையாளரிடம் கட்டணமே வாங்காத ஜேஎம்எல்ஆர் (இயந்திரக் கற்றல் ஆய்விதழ்) போன்றவற்றையும் பாருங்கள். பெயர்கள் அகரவரிசையில் உள்ளன என்றால், தொடர்பு ஆசிரியர் யார் என்பதைக் கட்டுரை அனுப்பும் முன்பே பேசி முடிவு செய்து அச்சில் வரச் செய்யுங்கள். விண்ணப்பிக்கும் வாரத்தில் இணை ஆசிரியர்களிடம் சான்றுக் கடிதம் கேட்டு அலைந்தவர்களில் பாதிப் பேருக்கு அது நேர்காணல் முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தது.