விரலுக்குள் ஓடும் பிரேக் கேபிள்

'புயம் பருத்த ஆட்கள் எல்லாம் அந்த விளிம்பில் தொங்க முடியாமல் விழுகிறார்கள். ஒல்லியானவர் ஒருவர் மட்டும் தாண்டிப் போகிறாரே, எப்படி?' என்று பொகவந்தலாவையிலிருந்து சாதாரண தர மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் பார்த்தது ஜப்பானில் 1997இல் தொடங்கிய 'சசுகே' என்ற தடைதாண்டும் தொலைக்காட்சிப் போட்டி. வெளிநாடுகளில் அதன் பெயர் 'நிஞ்ஜா வாரியர்'. மூன்றாம் கட்டத்தில் வரும் அந்தத் தடைக்குக் கிளிஃப்ஹேங்கர் என்று பெயர். சுவரில் சுமார் 3 சென்டிமீட்டர் விளிம்பு, கால் வைக்க இடமில்லை, கீழே தண்ணீர். விரல் நுனியால் தொங்கிப் பக்கவாட்டில் நகர்ந்து, உயரம் மாறி வரும் அடுத்த விளிம்பைப் பிடிக்க வேண்டும்.

ஒல்லி, பருமன் கணக்கு எளிது. தசையின் பலம் அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. எடையோ கனவளவைப் பொறுத்தது. உடல் எல்லாப் பக்கமும் 10 சதவீதம் பெருத்தால் பலம் 21 சதவீதம் கூடும், எடை 33 சதவீதம் கூடும். தொங்குகிறவருக்கு இது நட்டம். அதோடு, புயத்துத் தசை முழங்கையை மடக்கத்தான் உதவும். விரலை மூடுவது வேறு தசை.

அந்தத் தசை விரலில் இல்லை. வலது முன்கையின் உட்பக்கத்தை இடது கையால் பற்றிக்கொண்டு மோதிர விரலை மட்டும் மடக்கிப் பாருங்கள். முழங்கைக்குச் சற்றுக் கீழே ஏதோ உருள்வது தெரியும். விரலை இழுக்கும் தசை அங்கேதான் கிடக்கிறது. அங்கிருந்து புறப்படும் தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்து, ஒன்று விரலின் நடு எலும்பிலும் மற்றது நுனி எலும்பிலும் போய் ஒட்டுகின்றன. சைக்கிள் பிரேக்கும் இப்படித்தான்: பிடியை அழுத்துவது மேலே, கட்டை சக்கரத்தைக் கவ்வுவது கீழே, நடுவில் கேபிள்.

கேபிளைச் சைக்கிள் சட்டத்தோடு சேர்த்துப் பிடிக்கும் கிளிப் கழன்றால் என்ன ஆகும்? கேபிள் வில் நாண்போல வெளியே விறைத்து நிற்கும். விரலிலும் அந்தக் கிளிப்புகள் உண்டு. எலும்போடு ஒட்டிய ஐந்து வளையங்கள் தசைநாணைச் சுற்றிப் பிடித்திருக்கின்றன. அவற்றைக் கப்பிகள் என்றே அழைக்கிறார்கள். உள்ளங்கையை ஒட்டிய விரல் எலும்பின் மேல் இருக்கும் ஏ2 கப்பிதான் இவற்றில் மிக முக்கியமானது.

65 கிலோ எடையுள்ளவர் கை மாற்றும் கணத்தில் ஒரு கையின் நான்கு விரல்களில் தொங்குகிறார். விரலுக்கு 16 கிலோ. மூட்டுக்கும் விரல் நுனிக்கும் உள்ள தூரத்தைவிட மூட்டுக்கும் தசைநாணுக்கும் உள்ள தூரம் மிகக் குறைவு. நெம்புகோல் விதிப்படி தசைநாண்கள் நுனியில் விழும் சுமையைப்போல மூன்று மடங்காவது இழுக்க வேண்டும். ஏறத்தாழ 50 கிலோ. நடு மூட்டைச் செங்கோணமாக மடக்கி நுனியைப் பின்னுக்கு வளைத்துப் பிடிக்கும் 'கிரிம்ப்' பிடியில், அந்த இழுவை 90 பாகை திரும்புகிறது. பாடசாலையில் படித்த கப்பிக் கணக்குதான்: திருப்பத்தைத் தாங்குகிறவற்றின் மேல் 1.4 மடங்கு, அதாவது 70 கிலோ. அதில் பெரும்பங்கு ஏ2வின் தலையில். விரலை அதிகம் மடக்காத திறந்த பிடியில் ஏ2வுக்கு இந்தச் சுமை பல மடங்கு குறைகிறது. மெல்லிய விளிம்பைக் கண்டதும் எல்லாரும் கிரிம்ப் பிடிக்கத்தான் பார்ப்பார்கள். தேர்ந்தவர் முடிந்த இடமெல்லாம் விரலைத் திறந்தே வைப்பார்.

மடங்கிய விரலில் தசைநாண் கப்பியோடு உராய்கிறது. கட்டையில் சுற்றிய கயிறு மாட்டை நிறுத்த உதவுவதுபோல, அந்த உராய்வும் சுமையில் கொஞ்சத்தை ஏற்றுக்கொள்கிறது. இந்த உத்தியை முற்றாகக் கைக்கொண்டிருப்பது வௌவால். பேராதனைப் பூங்காவின் மரங்களில் தலைகீழாகத் தொங்கும் பழந்தின்னி வௌவால்களின் கால் தசைநாணில் சிறு புடைப்புகளும் அதைச் சுற்றிய உறையில் மடிப்புகளும் இருக்கின்றன. உடல் எடை இழுத்ததும் இரண்டும் பற்சக்கரம்போலக் கோத்துப் பூட்டிக்கொள்ளும். தசைக்கு வேலையே இல்லை. செத்த வௌவாலும் விழாமல் தொங்குவது இதனால்தான். அதில் சகுனம் பார்க்க ஒன்றுமில்லை.

நமக்கு அந்தப் பூட்டு கிடையாது. முன்கைத் தசை பலமாக இறுகும்போது தனக்குள் ஓடும் இரத்தக் குழாய்களையே நசுக்கிவிடுகிறது. ஒட்சிசன் வராது, கழிவு போகாது, முன்கை கல்லாகும், விரல் தானாகத் திறக்கும். மூன்றாம் கட்டத்துக்கு நேர வரம்பு இல்லாததைச் சலுகை என்று நினைத்து விளிம்பிலேயே தங்குகிறவர் இப்படித்தான் விழுகிறார். ஒரு கையைத் தொங்கவிட்டுச் சில விநாடி உதறினால் இரத்தம் திரும்பும், ஆனால் அதுவரை மற்றக் கை முழு எடையையும் சுமக்கிறது.

தாவும்போது உடல் ஊசல்போல ஆடுகிறது. அந்த ஆட்டத்தின் எந்தக் கணத்தில் கையை விடுகிறோம் என்பதே முக்கியம். நேர்கீழ்க் கோட்டிலிருந்து 30 பாகை ஆடினால், அடிப்புள்ளியில் அந்த 65 கிலோ 82 கிலோவாக இழுக்கும்; உச்சியில் 56தான். உச்சியில் உடல் ஒரு கணம் நின்று திரும்பும்போது கையை மாற்ற வேண்டும். அவசரப்பட்டு நடுவில் விட்டால் மிச்சக் கை வழுக்கும். விளிம்பு ஈரமாக இருந்தால் இன்னும் மோசம். நுவரெலியா மூடுபனியில் நனைந்த கம்பியைப் பிடித்தவர்களுக்கு அது புரியும். மக்னீசியம் காபனேற்றுத் தூள் பூசுவது வியர்வையை உறிஞ்சத்தான்.

ஏ2 அறுந்தால் 'பட்' என்று சத்தம் கேட்கும், பெரும்பாலும் மோதிர விரலில். அதை எண்ணெய் போட்டு இழுத்துச் சுளுக்கு எடுக்கக் கூடாது. வளையம் அறுந்த இடத்தில் கேபிளை இழுப்பது காயத்தைப் பெரிதாக்கும். மோதிரம்போல ஒட்டுப்பட்டி சுற்றி வைத்தியசாலைக்குப் போக வேண்டும். தேயிலைச் செடியை ஆராயத் தலவாக்கலையில் நிறுவனம் இருக்கிறது. கொழுந்து பறிக்க நாளுக்கு ஆயிரக்கணக்கான தடவை இதே தசைநாண்களை இழுக்கும் விரல்களை ஆராயவும் நிதி ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி கேட்ட மாணவிக்கு ஒன்று. வளரும் வயதில் விரல் எலும்பின் முனையில், எலும்பு நீளும் இடமான வளர்ச்சித் தட்டு இன்னும் மென்மையாக இருக்கும். கிரிம்ப் பிடித்துத் தொடர்ந்து தொங்கினால், குறிப்பாக நடுவிரலில், அது வெடிக்கக்கூடும். லயத்துக் கதவு நிலையில் தொங்கிப் பழகாதீர்கள். தடித்த கம்பியில், கால் ஸ்டூலில் ஊன்றியபடி, 10 விநாடி தொங்கி 3 நிமிடம் ஓய்வெடுங்கள். நடு மூட்டு வலித்தால் அன்றே நிறுத்திவிட்டு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள்.