எஃப்டிஎம்ல உங்க பேர் வந்துருச்சா? கையெழுத்து போடறதுக்கு முன்னாடி டிரேஸைக் கேளுங்க

ராத்திரி பத்தரை மணிக்கு மதுரைக்கார தம்பி ஒருத்தன் போன் பண்ணான். ஃபர்ஸ்ட் ஆபீசரா, அதாவது துணை பைலட்டா, சேர்ந்து ரெண்டு வருஷம்கூட முடியல. "அண்ணா, நாளைக்கு காலைல ஃப்ளைட் சேஃப்டி ஆபீஸுக்கு வரச்சொல்லி மெயில் வந்துருக்கு, எந்த ஃப்ளைட்டுன்னுகூட போடல, யூனிஃபார்ம்ல போகணுமா சாதா டிரஸ்ல போகணுமா?"ன்னு கேட்டான். பயத்துல அவனுக்கு கேக்கத் தோணுன ஒரே கேள்வி அதுதான். நான் பல வருஷம் ஒரு ஏர்லைன்ஸ்ல ஃப்ளைட் டேட்டாவைப் பாக்குற டெஸ்க்ல இருந்தவன், ஆனா அன்னிக்கு தூக்கக் கலக்கத்துல "பயப்படாம போய்ட்டு வா"ன்னு மட்டும் சொல்லி வச்சுட்டேன். அது தப்பு. அவன் போனான், நீட்டுன பேப்பர்ல கையெழுத்து போட்டான், ஒன்பது நாள் ரோஸ்டர்ல பேரே இல்ல. அன்னிக்கு நான் சொல்லியிருக்க வேண்டியதைத்தான் இங்க எழுதுறேன்.

ஃப்ளைட் டேட்டா மானிட்டரிங், சுருக்கமா எஃப்டிஎம், நம்ம ஊர்ல ஃபோக்வான்னும் சொல்வாங்க. பிளேன்ல இருக்குற க்யூஏஆர்ங்கற ரெக்கார்டர்ல இருந்து ஒவ்வொரு ஃப்ளைட்டோட வேகம், உயரம், இறங்குற வேகம், ஃப்ளாப், எஞ்சின் எல்லாத்தையும் எடுத்து சாஃப்ட்வேர்ல போட்டு, வச்சிருக்குற லிமிட்டைத் தாண்டுன இடத்தைக் காட்டுவாங்க. அதுக்குப் பேர் எக்ஸீடன்ஸ், ஈவென்ட்னும் சொல்வாங்க. 27,000 கிலோவுக்கு மேல டேக்ஆஃப் எடை இருக்குற விமானம் ஓட்டுற கம்பெனி இதைக் கட்டாயம் பண்ணணும்னு ஐ.நா.வோட சர்வதேச சிவில் விமான அமைப்பான ஐகாவோவோட அனெக்ஸ் 6 சொல்லுது, 2005 ஜனவரி 1ல இருந்து. நம்ம நாட்டு விமானத்துறை கட்டுப்பாட்டு அமைப்பான டிஜிசிஏவும் இதுக்கு தனி விதி வச்சிருக்கு, சிஏஆர் செக்‌ஷன் 5, சீரிஸ் எஃப், பார்ட் 2. கம்பெனியோட சேஃப்டி மேனேஜ்மென்ட் சிஸ்டத்துல இது ஒரு பகுதி. நீங்க ஞாபகம் வச்சுக்க வேண்டியது அனெக்ஸ் 6ல அதே இடத்துல இருக்குற இன்னொரு விஷயம்: இந்த புரோகிராம் யாரையும் தண்டிக்கறதுக்கு இல்ல, டேட்டா யார்கிட்ட இருந்து வந்துச்சோ அவங்களைப் பாதுகாக்க ஏற்பாடு இருக்கணும்.

இது ஏன் வேணும்னு சந்தேகமே வேண்டாம். 2010 மே 22 மங்களூர் விமான விபத்துல 158 பேர் செத்தாங்க, ஃபர்ஸ்ட் ஆபீசர் மூணு தடவை கோ அரவுண்ட், அதாவது இறங்காம மறுபடி மேல ஏறிடலாம்னு, சொல்லியும் கேப்டன் அப்ரோச்சை விடல. 2020 ஆகஸ்ட் 7 கோழிக்கோட்டுல 8,858 அடி ரன்வேல சக்கரம் தரையைத் தொட்டதே கிட்டத்தட்ட 4,438 அடி தாண்டி, 21 பேர் போயிட்டாங்க, அங்கயும் கோ அரவுண்ட் கால் கொடுத்திருந்தாங்க. ரெண்டுமே ஸ்டேபிள் ஆகாத அப்ரோச், அதாவது இறங்க வரும்போது வேகமும் உயரமும் இருக்க வேண்டிய அளவுல நிக்கல. இந்த மாதிரி அப்ரோச் ஒண்ணும் ஆகாம நல்லபடியா இறங்கி முடிஞ்சிருந்தா யாருக்குமே தெரியாது, அதைக் கண்டுபிடிச்சு எந்த ஏர்போர்ட்ல, எந்த ரன்வேல, எந்த நேரத்துல அடிக்கடி நடக்குதுன்னு பாத்து சரி பண்ணத்தான் எஃப்டிஎம். அதை ஆளைப் பிடிக்கற பொறியா மாத்துனா பைலட் அந்த ரெக்கார்டர் பொட்டிக்காக ஓட்ட ஆரம்பிப்பான், ஹார்ட் லேண்டிங்னு கூப்பிட்டுருவாங்களோன்னு பயந்து ரன்வே மேல மிதந்துட்டே போவான், அதுதான் ஆபத்து.

சரி, எங்கெல்லாம் மாட்டிவிடறாங்கன்னு பாப்போம்.

முதல்ல அந்த தம்பி கதையையே சொல்றேன். மலை உச்சியை மட்டமாக்கிப் போட்ட ஒரு டேபிள்டாப் ரன்வேல இறங்கும்போது கடைசி 500 அடிக்குள்ள அளவுக்கு மீறுன வேகத்துல இறங்கினான்னு ஈவென்ட். அப்புறமா அதோட டிரேஸை, அதாவது டேட்டாவை கோடு கோடா வரைஞ்ச கிராஃபை, நான் கேட்டு வாங்கிப் பாத்தேன். ரேடியோ ஆல்டிமீட்டர் கோடு 600ல இருந்து ரெண்டு மூணு செகண்டுல 250க்கு விழுது, பக்கத்துல பிரஷர் ஆல்டிடியூட் கோடு ஸ்கேல் வச்சு இழுத்த மாதிரி ஒரே சாய்வுல வருது. விஷயம் என்னன்னா ரேடியோ ஆல்டிமீட்டர் கீழ இருக்குற தரையை அளக்குது, பள்ளத்தாக்கு முடிஞ்சு மலை விளிம்பு வந்ததும் தரைதான் மேல ஏறுச்சு, பிளேன் விழல. அந்த சாஃப்ட்வேர் ரேடியோ உயரத்தை வச்சு கணக்கு போட்டிருக்கு. ரெண்டு கோட்டையும் ஒண்ணா வச்சுப் பாத்திருந்தா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும், யாரும் பாக்கல, "உங்க தவறை ஒத்துக்கறீங்க"ங்கற பேப்பர் மட்டும் ரெடியா இருந்துச்சு.

அதனால கூப்பிட்டா முதல்ல மெயில்ல பதில் போடுங்க: எந்த ஃப்ளைட், எந்த ஈவென்ட், டிரேஸ் வேணும், டேட்டா சரிபாத்த ஆள் யாரு. வாய்ல கேக்காதீங்க, வாய்ல கேட்டது எங்கயும் இருக்காது. டிரேஸ் பாக்காம எதுலயும் கையெழுத்து போடாதீங்க, ரொம்ப வற்புறுத்துனா "டிரேஸ் காட்டப்படவில்லை"ன்னு உங்க கையாலயே எழுதிட்டு போடுங்க.

ரெண்டாவது, "இது பனிஷ்மென்ட் இல்ல, கரெக்டிவ் டிரெய்னிங்"ன்னு சொல்வாங்க. பேர் மட்டும்தான் வேற. பல கம்பெனில சம்பளத்துல பாதி பறக்குற மணி நேரத்துல இருந்துதான் வருது, ரோஸ்டர்ல இருந்து எடுத்துட்டா அந்த மாசம் இஎம்ஐ எங்க இருந்து வரும்? அப்புறம் அலைச்சல் ஆரம்பிக்கும். சேஃப்டில கேட்டா டிரெய்னிங்கைக் கேளுங்கம்பாங்க, டிரெய்னிங்ல சிமுலேட்டர் ஸ்லாட் இல்லம்பாங்க, ரோஸ்டர்ல கேட்டா சேஃப்டி ரிலீஸ் மெயில் வரலம்பாங்க, மூணு ஆபீஸும் ஒரே மாடியில இருக்கும், ஆனா ஒரு மெயில் அங்க இருந்து இங்க வர ஒரு வாரம் ஆகும். பாதிக்கப்பட்டவன் சம்பளம் இல்லாம வீட்ல உக்காந்திருப்பான். எடுத்த அன்னிக்கே எழுத்துல கேளுங்க: எந்த தேதில இருந்து, என்ன காரணம், யார் ரிலீஸ் பண்ணணும், இடையில பறக்கும் அலவன்ஸ் உண்டா. மூணு டிபார்ட்மென்டையும் ஒரே மெயில்ல போட்டு கேளுங்க, தனித்தனியா கேட்டா மறுபடி சுத்த விடுவாங்க.

மூணாவது, "பேர் வெளிய வராது"ங்கறது. பேர் தெரிஞ்ச ஆள் ஒருத்தரோ ரெண்டு பேரோதான் இருக்கணும், கேட்கீப்பர்னு சொல்வாங்க. ஆனா கொஞ்சம் பைலட்டுங்க மட்டும் இருக்குற சின்ன பேஸ்ல தேதியும் செக்டாரும் (எந்த ஊர்ல இருந்து எந்த ஊருக்குன்னு) போட்டு பிரசன்டேஷன் காட்டுனா பேர் எதுக்கு? எல்லாருக்கும் தெரிஞ்சுரும். உங்க கேட்கீப்பர் யாருன்னு இப்பவே மேனுவல்ல பாத்து வைங்க. கூப்பிட்டது கேட்கீப்பர் இல்லாம நேரா உங்க பேஸ் மேனேஜர்னா, அவருக்கு பேர் எப்படி கிடைச்சுதுன்னு கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு. நீங்களும் லேண்டிங் எவ்வளவு பலமா இருந்துச்சுன்னு காக்பிட் பிரிண்டர்ல வந்த லோட் ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்ல போடாதீங்க, அப்புறம் பாதுகாக்க ஒண்ணும் மிஞ்சாது.

நாலாவதுதான் பெரிய பள்ளம். வேணும்னே பண்ணது, படுமோசமான அலட்சியம், இதுக்கெல்லாம் பாதுகாப்பு கிடையாது. ரிப்போர்ட் பண்ண வேண்டிய சம்பவம் நடந்துட்டா அது எஃப்டிஎம் வட்டத்தைத் தாண்டி விசாரணைக்குப் போயிரும். லேண்டிங் பலமா இருந்துச்சுன்னு தோணுனா டெக் லாக்ல, அதாவது விமானத்தோட பழுதுப் பதிவுப் புத்தகத்துல, எழுதிருங்க. லேண்டிங் அதிர்ச்சிக்கு கம்பெனி வச்சிருக்குற ஜி லிமிட் ஒண்ணு, தயாரிப்பாளர் இன்ஸ்பெக்‌ஷனுக்கு சொல்ற லிமிட் வேற, அந்தக் குழப்பத்துல போகாதீங்க. எழுதாம வந்து மூணு வாரம் கழிச்சு டேட்டால தெரிஞ்சா லேண்டிங்கைப் பத்தி யாரும் பேச மாட்டாங்க, மறைச்சான்னுதான் பேசுவாங்க. அதோட நீங்க இறங்குனதும் அதே பிளேனை யாரும் செக் பண்ணாம அடுத்த செக்டாருக்கு 180 பேரோட அனுப்பிருவாங்க, அதை மறக்காதீங்க.

ஏடிஆர்ங்கற சின்ன புரொப்பல்லர் விமானம் ஓட்டுறவங்க ஒண்ணு கவனிங்க. ஏடிஆர் 72 சுமார் 23,000 கிலோ, 27,000 கோட்டுக்கு கீழ. 20,000க்கு மேல இருந்தா ஐகாவோ சிபாரிசு மட்டும்தான் பண்ணுது. தண்டிக்க மாட்டோம்ங்கற வாக்கு உங்க கம்பெனி மேனுவல்ல எழுத்துல இருக்கான்னு முதல்ல பாருங்க.

இன்னொண்ணு, மெயில் வரதுக்குள்ள நாள் ஓடியிருக்கும், உங்களுக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காது. ஏடிசி, அதாவது விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு, "160 நாட் மெயின்டெய்ன், நாலு மைல் வரைக்கும்"னு பிடிச்சு வச்சதால ஸ்டேபிள் ஆக லேட் ஆச்சுன்னா அன்னிக்கே டைரில ரெண்டு வரி எழுதுங்க, காத்து எவ்வளவுன்னும் சேத்து எழுதுங்க. கோ அரவுண்ட் போனீங்கன்னா அதையும் எழுதுங்க, அதுக்காக யாராவது கூப்பிட்டு விசாரிச்சா அந்த மெயிலை பத்திரமா வைங்க.

மதுரை தம்பியோட ஈவென்டை கடைசியில தப்பான டேட்டான்னு மூடிட்டாங்க, மன்னிப்பு ஒண்ணும் வரல. ஆனா அவன் டிரெய்னிங் ஃபைல்ல "கரெக்டிவ் டிரெய்னிங்"னு போட்ட வரி அப்படியே இருந்துச்சு, அடுத்த கம்பெனிக்கு அப்ளை பண்ணி அவங்க ரெக்கார்ட் கேட்டப்பதான் தெரிஞ்சுது. உங்க ஈவென்ட் மூடுன மெயில் வந்ததும் ஃபைலை நேர்ல போய்ப் பாருங்க, அந்த வரியை எடுத்தாச்சுன்னு எழுதி வாங்குங்க, அந்த மெயிலோட காப்பி உங்க கையிலயும் இருக்கட்டும், ஏன்னா ராஜினாமா குடுத்த அன்னிக்கே கம்பெனி மெயில் ஐடியை மூடிருவாங்க.