சதுப்புப்பனை ஈப்பிடிப்பான்

டைரனாப்சிஸ் சல்ஃபூரியா. தென் அமெரிக்கச் சதுப்புக் காடுகளில் வாழும் ஒரு பறவையின் அறிவியல் பெயர் இது. இதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம்? நம்மூர்க் கொண்டைக்குருவி அளவுதான் இருக்கும். சாம்பல் தலை, வெள்ளைத் தொண்டை, பளிச்சென்ற மஞ்சள் வயிறு.

ஜெர்மானிய அறிஞர் ஸ்பிக்ஸ் 1817 முதல் 1820 வரை பிரேசிலில் சுற்றியவர். 1825இல் இதற்கு அவர் வைத்த பெயர் மஸ்சிகாபா சல்ஃபூரியா. லத்தீனில் மஸ்கா என்றால் ஈ, காபெரே என்றால் பிடித்தல். மரங்கொத்தி, மீன்கொத்தி போலச் செய்யும் வேலையை வைத்து நாம் சொல்லும் 'ஈப்பிடிப்பான்' அதே பொருள்தான். ஆனால் நம் ஈப்பிடிப்பான்களும் இதுவும் வேறு வேறு குடும்பம். இதன் குடும்பத்தில் நானூறுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு, எல்லாமே அமெரிக்கக் கண்டங்களில்தான்.

டைரனாப்சிஸ் பிறகு வந்த பேரினப் பெயர். 'டைரன்னஸ் போன்ற தோற்றம்' என்று பொருள். டைரன்னஸ் என்பது, கூட்டை நெருங்கும் பருந்தையும் விரட்டியடிக்கும் உறவுக்காரப் பறவைகளின் பேரினம். ஆங்கில 'டைரன்ட்' நினைவுக்கு வருகிறது என்பதற்காகத் தமிழில் 'கொடுங்கோலன்' என்று எழுத வேண்டாம். பழைய கிரேக்கத்தில் டைரன்னோஸ் என்றால் பரம்பரை உரிமையில்லாமல் ஆட்சியைப் பிடித்தவன், அவ்வளவுதான். கொடுமை என்ற பொருள் பிறகு ஏறியது.

சரி, சல்ஃபூரியா? கந்தக நிறத்தது. இங்கேதான் எனக்கு மனம் ஒப்பவில்லை. கந்தகம் என்ற சொல் 'கந்தம்', அதாவது மணம் என்பதிலிருந்து வந்தது. லத்தீன்காரருக்கு நிறத்தைக் காட்டும் சொல், நமக்கு வெடித்த பட்டாசின் நெடியைத்தான் கிளப்புகிறது. 'கந்தகமஞ்சள்' என்று சேர்த்துச் சொன்னால் அந்தக் குறை தீரும். ஆனாலும் அடையாளம் தெளியாது. அதே நாடுகளில் பரவலாக உள்ள கிஸ்காடி என்ற பறவையின் அறிவியல் பெயரிலும் கந்தகம் இருக்கிறது, அதன் வயிறும் மஞ்சள்தான்.

இந்தப் பறவையைத் தனித்துக் காட்டுவது மரம். தண்ணீர் தேங்கி நிற்கும் நிலத்தில் வளரும் மொரிச்சி பனை. பிரேசிலில் புரிச்சி, பெருவில் அகுவாஹே என்பார்கள். நம் பனை மாதிரியே விசிறி ஓலை. அந்த ஓலைக் கொண்டையில் உட்கார்ந்து கீச்சென்று கத்தும், அங்கேயே சுள்ளிகளை அடுக்கிக் கூடும் கட்டும். டிரினிடாடிலும் அப்படித்தான், அமேசானிலும் அப்படித்தான்.

பனையில் கூடு கட்டும் பறவையைப் 'பனை உழவாரன்' என்று ஏற்கெனவே நாம் சொல்கிறோம். அதே வழியில் இதைச் சதுப்புப்பனை ஈப்பிடிப்பான் என்பேன்.