மாற்றியமைத்த வண்டிகளில் ஒழுகலும் ஆடும் வெப்பமுள்ளும்

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால், என்ஜின் மாற்றிய ஜீப்புகளும், புதிதாக ஏசி பொருத்திய பழைய அம்பாசிடர்களும், அலுமினிய ரேடியேட்டர் ஏற்றிய கார்களும் புதுச்சேரியில் உள்ள எங்கள் பட்டறைக்கு வரிசையாக வந்து நிற்கும். உரிமையாளர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான். தண்ணீர் குறைகிறது, எங்கே ஒழுகுகிறதென்று தெரியவில்லை, மீட்டர் முள் ஏறி ஏறி இறங்குகிறது என்பார்கள். இவற்றை இரண்டு தனித்தனிக் குறைகளாக எண்ணி, ஒழுகலுக்கு ஒரு பொடியும் சூட்டுக்கு ஒரு பெரிய ஃபேனும் வாங்கிப் போட்டுவிட்டு, பணம் கரைந்த பிறகு வருபவர்களே அதிகம். குளிர்விப்பு அமைப்பு அழுத்தத்தை நம்பி இயங்குவது. அழுத்தம் நிற்காத வண்டியில் வெப்பமும் ஒரு நிலையில் நிற்காது. ஆகவே ஒழுகலை முடிக்காமல் ஃபேனைப் பற்றியோ ரேடியேட்டரின் அளவைப் பற்றியோ நான் பேசுவதில்லை.

கடலோரத்தில் உள்ள நம் ஊர்களில் வெறும் தண்ணீர் 100 டிகிரி செல்சியசில் கொதிக்கும். 1 பார் அழுத்தத்தைத் தாங்கும் ரேடியேட்டர் மூடி சரியாக மூடியிருந்தால், அதே தண்ணீர் ஏறத்தாழ 120 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். கூலன்ட் கலந்திருந்தால் இன்னும் சற்று மேலே போகும். மூடியின் ரப்பர் வளையம் இறுகிப்போய்விட்டாலோ, ரேடியேட்டரை மாற்றியவர் வேறு வண்டியின் மூடியைத் திருகிவிட்டாலோ இந்தக் காப்பு போய்விடும். அப்போது சிலிண்டர் ஹெட்டின் மிகச் சூடான இடங்களில் நீராவிக் குமிழிகள் உருவாகி, சென்சாரைக் கடக்கும்போதெல்லாம் முள் ஆடும். எனவே முதலில் பார்க்க வேண்டியது, மூடியின் மேல் அச்சிட்டிருக்கும் அழுத்த அளவும் அதன் ரப்பரும்தான்.

அடுத்து, என்ஜின் முழுவதும் ஆறிய பிறகு பிரஷர் டெஸ்டரைப் பொருத்தி, மூடியின் அளவுக்கு மட்டும் காற்றேற்றிவிட்டுக் கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஆறிய நிலையில் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சூடான என்ஜின்மேல் கசியும் நீர் சொட்டாக விழுமுன்பே ஆவியாகிவிடும். தரையில் ஈரம் இருக்காது, இணைப்பின் ஓரத்தில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொருக்குத் தட்டிய ஒரு கோடு மட்டும் இருக்கும். டார்ச் அடித்து அந்தக் கோட்டைத் தேடுங்கள். மாற்றியமைத்த வண்டிகளில் அது பெரும்பாலும் இரும்புக் குழாயும் ஹோசும் சேரும் இடத்தில்தான் கிடைக்கும். லேத்தில் வெட்டிக் கொடுத்த குழாயின் முனையில் சிறு மேடு எழுப்பியிருக்காவிட்டால், கிளாம்பை எவ்வளவு இறுக்கினாலும், ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது என்ஜின் குலுங்கும் குலுக்கலில் ஹோஸ் நூல் நூலாக நழுவும். முனையில் ஒரு சுற்று வெல்டிங் வைத்து வழவழப்பாகத் தேய்த்தாலே போதும், அந்தத் தொல்லை ஒழிந்தது. வாட்டர் பம்பின் அடியில் உள்ள சிறு துளையில் கசிவு தெரிந்தால் பம்பின் சீல் போய்விட்டது என்று பொருள். அந்தத் துளையை எம்சீல் வைத்து அடைத்துக்கொண்டு வருபவர்களையும் பார்த்திருக்கிறேன்.

வெளியே எங்கும் ஒழுகல் இல்லை, ஆனாலும் தண்ணீர் குறைகிறது என்றால், சிலிண்டர் ஹெட்டுக்கும் என்ஜின் பிளாக்குக்கும் இடையே கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். ஆறிய என்ஜினைக் கிளப்பிய ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகினால், சிலிண்டரில் எரிந்த வாயு தண்ணீர்ப் பாதைக்குள் புகுகிறது என்பதற்கு அது வலுவான அடையாளம். வழியில் ஒழுகலை நிறுத்த மஞ்சள்தூளோ கடையில் விற்கும் பொடியோ போட்டு ஊர் வந்து சேர்ந்தவர்கள், ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவாமல் மறுபடி ஓட்டக் கூடாது. ஒழுகும் துளைக்கு முன்னால் அடைபடுவது ரேடியேட்டரின் மெல்லிய குழல்கள்தான்.

ஒழுகல் தீர்ந்த பிறகும் வெப்பம் ஆடினால், எப்போது ஏறுகிறது என்பதே பாதி விடையைச் சொல்லிவிடும். இந்திரா காந்தி சதுக்கத்தின் சிக்னலில் நிற்கும்போது ஏறி, கடலூர் சாலையில் வேகம் எடுத்ததும் இறங்கினால் குறை காற்றோட்டத்தில் இருக்கிறது. ஃபேனுக்கு ரிலே (அதிக மின்சாரத்தைத் தாங்கும் சுவிட்ச்) வைக்காமல் மெல்லிய ஒயரில் நேராக இணைத்திருப்பார்கள். அல்லது ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே கூண்டு இல்லாததால் காற்று பக்கவாட்டில் தப்பிப் போகும். இதற்கு மாறாக, வேகத்தில் ஏறினால் ரேடியேட்டர் அடைப்பையோ, உறிஞ்சும் வேகத்தில் சப்பிப்போகும் கீழ் ஹோசையோ பார்க்க வேண்டும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடும் வழக்கம் நம் பக்கத்தில் இன்னும் போகவில்லை. அது 82 அல்லது 88 டிகிரியில் திறந்து என்ஜினை ஒரே வெப்பத்தில் வைத்திருக்கும் வால்வு. அது இல்லாத வண்டி சாலையில் குளிர்ந்தும் நெரிசலில் கொதித்தும் அலைபாயும்.

ஹெட்லைட்டைப் போட்டதும் முள் ஏறினால் என்ஜினில் சூடு இல்லை, எர்த் ஒயரில் குறை. அகச்சிவப்பு வெப்பமானியால் சரிபார்ப்பவர்கள் பளபளக்கும் அலுமினியத்தின்மேல் அடிக்கக் கூடாது, அது குறைத்துக் காட்டும். கறுப்பு டேப் ஒட்டி அதன்மேல் அடிக்க வேண்டும். இவற்றையெல்லாம்விட ஆபத்தானது, ஏறிக்கொண்டிருந்த முள் திடீரென்று விழுவது. தண்ணீர் மட்டம் சென்சாருக்குக் கீழே போய்விட்டால், அதைச் சுற்றி வெறும் காற்றே இருப்பதால் முள் குளிர்ச்சியைக் காட்டும். உள்ளே ஹெட் வெந்துகொண்டிருக்கும். அந்த நொடியே ஓரங்கட்டி என்ஜினை அணைத்துவிட வேண்டும், மூடியில் கைவைக்கக் கூடாது.

ஜீப்பில் வேறு என்ஜின் ஏற்றும்போது ரேடியேட்டரின் தலை என்ஜினைவிடத் தாழ்ந்துவிடுவதால், நீர் நிரப்பினாலும் மேலே காற்று தங்கிவிடும். அப்படிப்பட்ட வண்டிகளுக்கு உயரமான இடத்தில் ஒரு டேங்க் வைத்து, ஹெட்டின் உச்சியிலிருந்து அதற்கு ஒரு சிறு குழாய் இழுப்பதுதான் நிரந்தரத் தீர்வு. நிரப்புவதற்குப் போர்வெல் தண்ணீர் வேண்டாம்; கடலோரத்து உப்பு நீர் அலுமினியத்தை அரித்து, குழல்களில் படிந்துவிடும். டிஸ்டில்டு வாட்டரும் கூலன்டும் சரிபாதி கலந்து ஊற்றலாம்.

வேலை முடிந்ததும் ஏசியைப் போட்டு அரியாங்குப்பம் நெரிசலில் ஊர்ந்தும், தவளக்குப்பம் தாண்டி வேகமெடுத்தும் ஓட்டிப் பார்க்கிறோம். பிறகு வண்டி இரவு முழுவதும் பட்டறையிலேயே நிற்கும். மறுநாள் காலை மூடியைத் திறந்து, முந்தைய நாள் குறித்த கோட்டிலேயே மட்டம் நின்றால்தான் சாவியைக் கொடுக்கிறோம்.