ஒரு கிலோ கொட்டை, நூறு கோப்பை

ஆறு கிலோ காபிப் பழத்தைத் தோல் உரித்து, கழுவி, காயவைத்தால் ஏறத்தாழ ஒரு கிலோ பச்சைக் கொட்டை மிஞ்சும். வறுத்தால் ஈரம் போய் எண்ணூறு கிராம் சொச்சம். ஓர் எஸ்பிரெசோவுக்கு எட்டு கிராம் என்று வைத்துக்கொண்டால் நூறு கோப்பை. அந்த ஒரு கிலோவின் விலையையும் நூறு கோப்பையின் விலையையும் அருகருகே எழுதிப் பாருங்கள்; இடையில் யாருடைய கை எவ்வளவு அள்ளுகிறது என்ற கேள்வி தானாக எழும்.

அமெரிக்கச் சமூகவியலாளர் ஜான் டால்பட் 1997-இல் இதற்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். காபிக்காகச் செலவிடப்படும் பணத்தில் 1970-களில் சுமார் 20 சதவீதம் விளைவித்தவர்களிடம் நின்றது. குடிக்கும் நாடுகளில் 53 சதவீதம் தங்கியது. 1989-க்குப் பிந்தைய ஐந்தாறு ஆண்டுகளில் இவை 13, 78 என்று ஆகிவிட்டன.

அந்த 1989-இல்தான் சர்வதேசக் காபி ஒப்பந்தத்தின் ஏற்றுமதி ஒதுக்கீட்டு முறை முறிந்தது. எந்த நாடு எத்தனை மூட்டை அனுப்பலாம் என்று 1960-களிலிருந்து, இடையில் சில ஆண்டுகள் தவிர, வரம்பு கட்டி விலையைத் தாங்கிய ஏற்பாடு அது. தாங்கல் போனதும் சில மாதங்களில் விலை ஏறக்குறையப் பாதியானது.

ஆனால் ஒப்பந்தத்தின் மீது மட்டும் பழிபோட எனக்கு மனம் வரவில்லை. கொட்டையின் குணமே வறுப்பவர் பக்கம் சாய்கிறது. பச்சைக் கொட்டை மாதக்கணக்கில் கெடாது. வறுத்ததோ சில வாரங்களில் மணம் இழக்கும். அதனால் வறுக்கும் ஆலை குடிப்பவர் ஊருக்கு அருகில் அமைந்தது. ஒரே டப்பாவில் நாலைந்து நாட்டுக் கொட்டைகளைக் கலக்கலாம். ஒரு நாட்டுச் சரக்கு விலையேறினால் இன்னொன்றைக் கூட்டிக்கொள்ளலாம். ரொபஸ்டா என்ற மலிவான காபி வகையின் முரட்டுச் சுவையை நீராவியால் அடக்கும் வித்தையும் கைவந்தபின், எந்த நாடும் 'என்னை விட்டால் ஆளில்லை' என்று சொல்ல முடியவில்லை.

காபி வணிகத்தை ஆராய்ந்த பெனுவா டாவிரோனும் ஸ்டெஃபானோ போன்டேயும் 2005-இல் இன்னொன்றைக் கவனித்தார்கள். கோப்பையில் விற்பது மூன்று தரங்கள்: கொட்டையின் சுவை, அதன் பெயரும் கதையும், பரிமாறும் இடத்தின் சுகம். விவசாயிக்கு முதலாவதற்கு மட்டுமே காசு.

அந்தச் சுவைக்கும் நீதிபதிகள் வேறு: காபியைச் சுவைத்துத் தரம் பார்ப்பவர்கள். வரிசையாகக் கிண்ணங்கள், பொடியின்மேல் வெந்நீர், மிதக்கும் மேலோட்டைக் கரண்டியால் கலைத்து மூக்கை நுழைத்து முகர்வார்கள். பிறகு ஒரு கரண்டி எடுத்துச் 'சர்ர்' என்று உறிஞ்சித் துப்பிவிட்டு நூற்றுக்கு மதிப்பெண் போடுவார்கள். 80 வந்தால் 'ஸ்பெஷாலிட்டி', அதாவது உயர்தரக் காபி. பயிரிட்டவர்களில் பலர் தம் காபியை இப்படி ஒருமுறைகூடச் சுவைத்ததில்லை.

பெயரும் கதையும் என்ற அந்த இரண்டாவது தரத்தில் பங்கு கேட்ட நாடு எத்தியோப்பியா. 2005-இல் சிடாமோ, ஹரார், யிர்கச்செஃபே என்ற தன் ஊர்ப் பெயர்களை அமெரிக்காவில் வணிக முத்திரைகளாகப் பதிய விண்ணப்பித்தது. அங்குள்ள காபித் தொழில் சங்கம் எதிர்த்தது. ஸ்டார்பக்ஸுடன் 2007-இல் உடன்பாடு ஏற்பட்டது. பெயரைப் பயன்படுத்தும் உரிமத்துக்கு எத்தியோப்பியா கட்டணம் கேட்கவில்லை. பெயர் யாருடையது என்பதை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் போதும் என்றது.