ஃபுல் சிந்தெடிக் போட்டாச்சு, இனி 20,000 ஓட்டலாமா? கூடாது

மறுபடியும் அதே கேஸ். ஆள் வேறு, வண்டி வேறு, மற்றபடி எதுவும் மாறவில்லை. சின்ன டர்போ பெட்ரோல் கார், டவுனுக்குள் மட்டும் ஓட்டம், இன்ஜின் ஆயில் மாற்றி 17,000 கிலோமீட்டர். இன்ஜின் தலையை மூடும் டேப்பட் கவரைக் கழற்றினால் உள்ளே தார் பூசிய மாதிரி கசடு. ஆயில் சேம்பரை இறக்கினால் ஸ்ட்ரெய்னர் வலை முக்கால்வாசி அடைத்திருக்கிறது. டர்போ ஷாஃப்ட் விரலால் தொட்டாலே ஆடுகிறது. கேட்டால், “ஃபுல் சிந்தெடிக்தானே போட்டேன், 20,000 ஓடும்னு சொன்னாங்களே!”

யார் சொன்னார்கள்? கேனில் அப்படி எழுதியிருக்காது, வண்டியோடு வந்த கையேட்டிலும் இருக்காது. பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரர், இல்லாவிட்டால் ஒரு வீடியோ.

முதலில் இந்த ‘சிந்தெடிக்’ என்ற சொல்லைப் பார்த்துவிடுவோம். ஆயிலின் அடிப்படைத் திரவத்தைக் குரூப் 1 முதல் 5 வரை பிரிக்கிறார்கள். கடையில் அந்தப் பெயரில் விற்கும் ஆயிலில் பெரும்பகுதி குரூப் 3. கச்சா எண்ணெயிலிருந்தே எடுத்து, ஹைட்ரஜன் சேர்த்துக் கடுமையாகச் சுத்திகரித்தது. ஆலையில் மூலக்கூறாகக் கட்டி உருவாக்கும் பிஏஓ (பாலி ஆல்ஃபா ஓலிஃபின்) என்பது குரூப் 4. எஸ்டர்கள் குரூப் 5. குரூப் 3-ஐ சிந்தெடிக் என்று சொல்லலாமா என்று ஆயில் கம்பெனிகளான மொபிலும் காஸ்ட்ராலும் அமெரிக்காவில் மோதிக்கொண்டன. 1999-ல் அங்குள்ள விளம்பரத் தீர்ப்பு அமைப்பு, சொல்லலாம் என்றது. ஜெர்மனியில் மட்டும் இன்னும் கறாராக இருக்கிறார்கள். குரூப் 3 மட்டம் என்று நான் சொல்லவில்லை, இன்றைய நல்ல குரூப் 3 ஆயில் அருமையாகவே உழைக்கிறது. கேனின் முன்பக்கத்தில் இருக்கும் அந்தச் சொல் இத்தனை கிலோமீட்டர் என்று யாருக்கும் உத்தரவாதம் தருவதில்லை, அவ்வளவுதான். ‘செமி சிந்தெடிக்’கில் எத்தனை சதவீதம் சிந்தெடிக் என்பதற்கும் பொதுவான வரையறை கிடையாது.

சிந்தெடிக் ஆயில் சூட்டைத் தாங்கும், ஆவியாவது குறைவு, கடுங்குளிரிலும் ஓடும். (கேனில் ‘டபிள்யூ’வுக்கு முன்னால் இருக்கும் எண் குளிரில் ஓடும் திறனைக் காட்டுவது. 5டபிள்யூ ஆயிலை மைனஸ் 30 டிகிரியிலும் 0டபிள்யூ ஆயிலை மைனஸ் 35-லும் சோதிக்கிறார்கள். மார்கழியில் ஊட்டியில்கூட அந்தக் குளிர் கிடையாது.) ஆனால் பிஸ்டன் ரிங் இடுக்கு வழியாகச் சேம்பருக்கு இறங்கும் எரியாத பெட்ரோல், நீராவி, கரி, அமிலம் ஆகியவை எந்த ஆயிலை ஊற்றினாலும் இறங்கத்தான் செய்யும். அவற்றோடு மல்லுக்கட்டுவது ஆயிலில் கலந்திருக்கும் கூட்டுப்பொருள்கள். முதலில் தீர்ந்துபோவதும் அவைதான். அடிப்படை ஆயில் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், அமிலத்தை முறிக்கும் காரம் தீர்ந்த பிறகு அது வெறும் வழுக்கும் திரவம்.

கிலோமீட்டர் கணக்கே டவுன் வண்டிக்குப் பொருந்தாது. நெரிசலில் சராசரி வேகம் மணிக்கு 20 என்று வையுங்கள். 10,000 கிலோமீட்டருக்கு இன்ஜின் ஓடுவது 500 மணி நேரம். திருச்சி நெடுஞ்சாலையில் சராசரி 70-ல் போகிறவருக்கு அதே 10,000 கிலோமீட்டர் 143 மணி நேரத்தில் முடிந்துவிடும். இரண்டு வண்டிக்கும் ‘அடுத்த ஆயில் மாற்றம் இத்தனை கிலோமீட்டரில்’ என்று ஒரே ஸ்டிக்கர் ஒட்டுகிறோம்! பள்ளி, காய்கறிக் கடை, ரயில் நிலையம் என்று ஐந்து கிலோமீட்டர் ஓட்டமே ஓடும் வண்டியில் ஆயில் முழுச் சூட்டை எட்டுவதே இல்லை, இறங்கிய பெட்ரோலும் ஈரமும் அதிலேயே தங்கிவிடும். கையேட்டில் ‘கடினமான பயன்பாடு’ என்று ஒரு பட்டியல் இருக்கும், எடுத்துப் படியுங்கள். அது ஏதோ சுரங்கத்தில் ஓடும் லாரிக்கு எழுதியதல்ல, உங்களுக்கு எழுதியது. 10,000 என்று போட்டிருந்தால் அந்தப் பயன்பாட்டுக்கு 5,000 என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டமே இல்லாவிட்டாலும் ஓராண்டுதான் கெடு.

“ஐரோப்பாவில் 30,000 ஓட்டுகிறார்களே?” ஓட்டுகிறார்கள். ஃபோக்ஸ்வாகன் 504/507 தர ஆயிலும், பயன்பாட்டைக் கணக்கிட்டு ஆயில் மாற்றும் தவணையைச் சொல்லும் வண்டியும், நீண்ட நெடுஞ்சாலை ஓட்டமும் சேர்ந்தால் அங்கே அது நடக்கும். அதே கம்பெனி இந்தியாவில் 15,000 அல்லது ஓராண்டு என்றுதான் சொல்கிறது.

ஆயிலை ஒப்பிட வேண்டுமானால் கேனைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள். டர்போ பெட்ரோலுக்குக் குறைந்தது ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம்) தரும் ‘எஸ்பி’ தரம். 2020-ல் வந்த இந்தத் தரத்தில், குறைந்த வேகத்தில் மிதிக்கும்போது நேரத்துக்கு முன்பே பற்றிக்கொள்ளும் கோளாறுக்கும் டைமிங் செயின் தேய்மானத்துக்கும் சோதனை உண்டு. டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) வைத்த பிஎஸ்6 டீசலுக்குச் சாம்பல் குறைந்த ஆயில் வேண்டும். ஐரோப்பிய வண்டித் தயாரிப்பாளர் சங்கமான ஏசிஇஏவின் தரத்தில் சி3 என்றால் சாம்பல் 0.8 சதவீதத்துக்குள், ஏ3/பி4 என்றால் 1.6 வரை போகலாம். விலை கூடுதல் என்பதற்காக ஏ3/பி4-ஐ ஊற்றினால் அந்தச் சாம்பல் டிபிஎஃப்பில் போய் உட்காரும், எரித்து எடுக்க முடியாது. பிசுபிசுப்பைக் காட்டும் கிரேடைக் கையேடு சொன்னபடியே விடுங்கள். 0டபிள்யூ-20 கேட்கும் இன்ஜினில் ‘நம்ம ஊர் வெயிலுக்கு’ என்று கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றும் வைத்தியத்தை நிறுத்துங்கள்.

இனி அளவு. தவணையை நீட்டுகிறவர்கள் கெடுவது பெரும்பாலும் இதில்தான். 3.5 லிட்டர் பிடிக்கும் இன்ஜின், 5,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் குடிக்கிறது என்று வையுங்கள். கொஞ்சம் வயதான வண்டிக்கு இது பெரிய குறையே அல்ல. ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கில் மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் இடைவெளி சுமார் ஒரு லிட்டர். அப்படியானால் 5,000-ல் கீழ் கோடு, 10,000-ல் சேம்பரில் மிச்சம் ஒன்றரை லிட்டர். வளைவில் திரும்பும்போது பம்ப் காற்றை இழுக்கும், கிராங்க் பேரிங் போய்விடும். அதில் ஓடியது பிஏஓவா, குரூப் 3-ஆ என்று பேரிங் கேட்காது. ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை, சமதரையில், இன்ஜினை அணைத்து ஐந்து பத்து நிமிடம் கழித்து டிப் ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். தயவுசெய்து.

டீசல்காரர்கள் இதற்கு நேரெதிரான ஒன்றையும் கவனிக்க வேண்டும். அளவு ஏறியிருந்தால் சந்தோஷப்படாதீர்கள். டிபிஎஃப் தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்ய இன்ஜின் கூடுதல் டீசலைத் தெளிக்கும். பாதியில் வண்டியை அணைத்துக்கொண்டே இருந்தால் அந்த டீசல் சேம்பரில் இறங்கும். டிப் ஸ்டிக்கில் டீசல் வாடை, மேல் கோட்டைத் தாண்டிய அளவு, தண்ணீர் போல நீர்த்த ஆயில் என்று இருந்தால் தவணைக்குக் காத்திருக்காமல் உடனே மாற்றுங்கள். ஆயில் கருப்பாக இருக்கிறதே என்று பதறுவதில் மட்டும் அர்த்தமில்லை. டீசலில் புது ஆயில் ஊற்றிய சில நாளிலேயே கருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் நீட்டியே தீருவேன் என்றால் லேப்பில் கொடுங்கள், ஊகிக்காதீர்கள். சூடான ஆயிலை வடிக்கும்போது முதல் ஓட்டத்தை விட்டுவிட்டு, நடு ஓட்டத்தில் சுத்தமான பாட்டிலில் 100 மி.லி. பிடியுங்கள். 30 கிரேடு (5டபிள்யூ-30 போன்ற) ஆயிலின் பிசுபிசுப்பு 100 டிகிரியில் 9.3-க்கும் 12.5 சென்டிஸ்டோக்ஸுக்கும் இடையில் நிற்க வேண்டும். கீழே இறங்கினால் எரிபொருள் கலந்திருக்கலாம். அமிலத்தை முறிக்கும் சக்தியைக் காட்டும் கார எண், புது ஆயிலில் இருந்ததில் பாதிக்குக் கீழே போனால் அதற்கு மேல் ஓட்டாதீர்கள். சிலிக்கான் ஏறினால் முதலில் ஏர் ஃபில்டர் பெட்டியைப் பாருங்கள், தூசி உள்ளே போகிறது. எல்லாம் சரியாக இருந்தால் அடுத்த முறை 2,000 கூட்டி மறுபடி சாம்பிள் எடுங்கள். வாரன்டி இருக்கும் வண்டியில் இந்த விளையாட்டே வேண்டாம்.

ஆயில் ஃபில்டர் ஒவ்வொரு முறையும் புதுசு. அடைத்துப்போனால் அதன் பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத ஆயிலையே இன்ஜினுக்கு அனுப்பும். டிரெயின் நட் வாஷரும் புதுசு. பைக்கில் கார் ஆயில் ஊற்றாதீர்கள், கிளட்ச் வழுக்கும், ஜேஏஎஸ்ஓ எம்ஏ2 (பைக் ஆயிலுக்கான ஜப்பானியத் தரம்) என்று பார்த்து வாங்குங்கள். பெரும்பாலான பைக்குகளில் கியர்பாக்ஸுக்கும் அதே ஆயில்தான். பல் சக்கரங்கள் அதை நசுக்குவதால் அங்கே தவணையை நீட்டும் பேச்சே இல்லை.

ஆயிலைச் சீல் உடைக்காத கேனாக, உங்கள் கண் முன்னால் திறந்து ஊற்றச் சொல்லுங்கள். காலி கேனைப் பழைய சாமான் கடைக்குப் போடும் முன் கத்தியால் ஒரு கிழி கிழித்துவிடுங்கள். முழுசாகப் போகும் கேன்தான் போலி ஆயில் நிரம்பித் திரும்ப வருகிறது.